ஓம், கவனம்

எங்கள் வீட்டுக் கிளி ஆண் என்று தெரியவந்தபோது அது நீண்ட காலமாக மகளாக வளர்ந்திருந்தது. அக்கா அதை "மகள்" என்றுதான் கூப்பிடுவாள். ஒரு மாரிக்குப் பிறகு பழைய இறகுகள் உதிர்ந்து புதியவை முளைத்தபோது கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. கொஞ்ச நாளில் பிடரிப் பக்கம் அந்தக் கோட்டோடு ரோசா நிறமும் படர்ந்தது. இந்த வகைக் கிளியில் ஆணுக்குத்தான் அப்படி வளையம் வரும். அதுவும் இரண்டு மூன்று வயதான பிறகுதான் வரும். அதுவரை ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். எங்களுக்கு அது தெரியாது.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். அத்தான் கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், உம்மட மகள் கழுத்தில தாலியோட நிக்கிறா. ஆர் கட்டினது எண்டு கேட்டுச் சொல்லும்."

முன்வீட்டுக்காரர் வந்து பார்த்து, இது ஆண் கிளி என்று விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகும் அக்கா கூப்பிடுவதை மாற்றவில்லை.

"அது மகளாவே இருக்கட்டும். இந்த வீட்டில ஒரு ஆம்பிளையின்ர ஊத்தை உடுப்புத் தோய்க்கிறதே காணும்."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

துறைமுகத்துக்குப் போகும் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் எங்கள் வீடு. பின்வளவுக்கு அப்பால் தலை போன பனை ஒன்று நின்றது. அதன் பொந்தில் வருடா வருடம் கிளிகள் குஞ்சு பொரிக்கும். ஒரு பெருங்காற்றில் அந்தப் பனை முறிந்து விழுந்தது. அடுத்த நாள் காலையில் அக்கா போய்ப் பார்த்தபோது ஒரு குஞ்சு மட்டும் உயிரோடு கிடந்தது. இறகு முளைக்காத, தலை பெருத்த, பார்க்க அருவருப்பான ஒன்று. பயறு அவித்து மசித்து விரலில் தொட்டுத் தொட்டு அக்கா அதற்கு ஊட்டினாள். பிழைக்காது என்று நான் நினைத்தேன். நினைத்ததைச் சொல்லவில்லை.

வளர்ந்த பிறகு நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கிளிக்குச் சொண்டும் ஒரு கால்தான். கம்பியைச் சொண்டால் பிடித்து, பிறகு ஒரு காலை வைத்து, பிறகு மற்றக் காலை வைத்து ஏறும். கொய்யாப்பழத்தை இடது காலால் தூக்கிப் பிடித்து, மனிதர் கையால் தின்பதைப் போலத் தின்னும். தின்பதைவிடக் கீழே போடுவதுதான் கூட. ஒரு துண்டைக் கொறித்துவிட்டு எறியும், அடுத்ததை எடுக்கும். "கலியாண வீட்டில சாப்பிடுற மாதிரி" என்று அக்கா திட்டிக்கொண்டே கூட்டுவாள். சந்தோஷம் வந்தால் அதன் கண்மணி சுருங்கி விரிந்து சுருங்கி விரியும். பயம் வந்தால் இறகுகளை எல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு, பச்சைத் தடி ஒன்றைக் கூட்டுக்குள் நட்டு வைத்ததுபோல அசையாமல் நிற்கும். அப்போது ஒரு சத்தமும் போடாது.

மாலையில் காட்டுக் கிளிகள் கூட்டம் கூட்டமாகத் துறைமுகத்துக்கு மேலால் கோட்டைப் பக்கத்து மரங்களுக்கு உறங்கப் போகும். ஒன்று கத்தும், இன்னொன்று பதில் கத்தும். பிந்திப் போய்விட்ட ஒன்று தனியாகக் கத்திக்கொண்டு போகும். தூரத்தில் எங்கேயோ இருந்து ஒரு பதில் வரும். அது அந்தப் பக்கம் திரும்பும். அந்த நேரம் எங்கள் கிளிக்கும் இருப்புக்கொள்ளாது. கூட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கும். அக்கா விறாந்தையில் வந்து இருந்து "என்ன மகள், என்ன மகள்" என்று கதை கொடுத்தால் அடங்கும்.

சொல்லிக் கொடுத்ததை அது ஒருநாளும் சொன்னதில்லை. அத்தான் துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டுகிறவர், நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறவர். தன்னைக் "கப்டன்" என்று கிளி கூப்பிட வேண்டும் என்று வாழைப்பழமும் கையுமாக எத்தனையோ நாள் பாடுபட்டார். கிளி பழத்தைத் தின்றது. ஆனால் நாங்கள் கவனிக்காமல் சொல்கிறவற்றை எல்லாம் அது எடுத்துக்கொண்டது. கேற் திறக்கிற சத்தம் கேட்டால் அக்காவின் குரலில் "ஆரது?" என்று கேட்கும். நான் குசினிப் பக்கம் போனால் "எடி, அடுப்பைப் பார்" என்று சொல்லும். சொல்லும் தொனியில்கூட வித்தியாசம் இருக்காது. நான் பலமுறை ஓடிப்போய் அடுப்பைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டை விட்டுப் புறப்படுகிற எவரும் எங்கள் பக்கத்தில் "போறன்" என்று சொல்வதில்லை. "வாறன்" என்றுதான் சொல்வோம். கடலில் தொழில் செய்கிறவர் வீட்டில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அத்தான் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு "வாறன்" என்பார். அக்கா எங்கே நின்றாலும் "ஓம், கவனம்" என்பாள். அவர் கேற்றில் கைவைத்து அதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே இறங்குவார். கிளி இந்த இரண்டு பக்கத்தையும் பிடித்துவிட்டது. யாரும் புறப்படாத நேரத்தில் தானே ஆண் குரலில் "வாறன்" என்று சொல்லி, தானே அக்காவின் குரலில் "ஓம், கவனம்" என்று பதிலும் சொல்லும். அத்தான் இதைக் கேட்டுச் சிரிப்பார். "நாங்கள் ரெண்டு பேரும் இல்லாட்டியும் இவர் குடும்பம் நடத்துவார் போல" என்பார்.

நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கலியாணம் சரிவரவில்லை. அக்கா வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு, உப்புவெளியில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் தோய்த்து மடிக்கிற வேலைக்கு பஸ்ஸில் போய்வந்தேன். அங்கே யாரோடும் கதைக்கத் தேவையில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்தது. அத்தானோடுகூட நான் நேரே கதைத்ததில்லை. அவர் முன்னால் இருக்கும்போதே அக்காவிடம்தான் சொல்வேன். "அக்கா, அத்தானுக்குச் சோறு போடட்டோ எண்டு கேளுங்கோ." அவர் என்னைப் பார்க்காமல் அக்காவிடமே பதில் சொல்வார். "போடட்டும் எண்டு சொல்லும்." அக்கா இருவரையும் பார்த்து, "எனக்கு இந்த வீட்டில தபால்காரி வேலை" என்பாள். அதில் ஒரு கோபமும் இல்லை. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

பிறகு அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் அப்படியே ஒரு பக்கம் சரிந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்தபோது வலது கையும் காலும் வழங்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கதை போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. ஓம்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் ஓம். வேண்டாம் என்பதற்கும் ஓம். தலையிடிக்கும் ஓம், பசிக்கும் ஓம். அவள் சொல்ல நினைப்பது எல்லாம் உள்ளே இருந்தது. வெளியே வரும்போது அந்த ஒரு சொல்லாகவே வந்தது. அதுவும் பழைய ஓம் இல்லை. தொண்டைக்குள்ளிருந்து அடைத்துக்கொண்டு, "ஓ" நீண்டு, "ம்" பாதியில் நின்றுபோன ஒரு சத்தம். தான் சொன்னது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பாள். நாங்கள் விளங்காமல் நிற்பதைக் கண்டு கண் கலங்குவாள். "கதை குடுத்துக்கொண்டிருங்கோ, விட்டிடாதேங்கோ" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதையே இல்லாத எனக்கு அதைச் சொன்னார்கள். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு நின்றேன்.

அக்காவின் கட்டிலை விறாந்தையில் போட்டோம். அவளுக்கு நேர் மேலே, கொழுக்கியில் கிளிக்கூடு.

அத்தான் மறுபடி வேலைக்குப் புறப்பட்ட முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது. செருப்பைப் போட்டார். அக்காவைப் பார்க்காமல், "வாறன்" என்றார். அக்கா முழு முயற்சியும் எடுத்து "ஓ...ம்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. இடது கையால் போர்வையைப் பிடித்து இழுத்தாள். அத்தான் கேற்றில் கையை வைத்தபடி நின்றார். அப்போது மேலேயிருந்து கிளி சொன்னது: "கவனம்."

அக்காவின் குரல். தேங்காய் திருவிக்கொண்டே சொல்கிற அந்தப் பழைய குரல். அத்தான் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவருடைய தோள் குலுங்கியது தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். வாறன் என்று அவர் சொல்வார், ஓம் என்று அக்கா சொல்வாள், கவனம் என்று கிளி சொல்லும். மூன்று பேருமாகச் சேர்ந்து அந்த ஒரு வசனத்தை முடிப்பார்கள். நானும் வேறொரு வழியில் கிளியிடம் ஒதுங்கினேன். தபால்காரி படுத்துவிட்டாள். அத்தானிடம் நேரே கதைக்க எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் கூட்டைப் பார்த்து, "கிளி, அத்தானுக்குத் தேத்தண்ணி ஆறுது" என்று சொன்னேன். அவரும் கூட்டைப் பார்த்தே, "வாறன் எண்டு சொல்லு கிளி" என்றார். அதுவே பழக்கமானது. மருந்து முடிந்ததையும், அக்கா சாப்பிடாததையும், மீன் வாங்க வேண்டும் என்பதையும் கிளிக்குச் சொல்வேன். அவர் கிளிக்குப் பதில் சொல்வார்.

மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில்தான் மாற்றத்தைக் கண்டேன். கேற் திறந்தபோது கிளி "ஆரது?" என்று கேட்கவில்லை. "ஓ...ம்" என்றது. அடைத்த தொண்டையில், பாதியில் நின்ற சத்தமாக, அக்கா இப்போது சொல்கிறாளே, அதே மாதிரி. அடுப்பைப் பார் என்பதும் குறைந்து போனது. கட்டிலில் அக்கா ஓம் என்றால் மேலே கிளி ஓம் என்னும். அக்கா மறுபடி சொல்வாள். கிளி மறுபடி சொல்லும். இப்படியே மாலை முழுக்கக் கேட்கும்.

எனக்கு அது பிறகுதான் விளங்கியது. துறைமுகத்துக்கு மேலால் போகும் கிளிகள் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பதில் சொல்லும்போது, கூப்பிட்டது எந்தச் சத்தமோ அதே சத்தத்தில்தான் பதில் போகும். எங்கள் கிளிக்குக் கூட்டம் என்று இருந்தது அக்கா ஒருத்திதான். அவள் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே அது பதில் சொல்லப் பழகியது. அவள் குரல் மாறியபோது அதுவும் மாற்றிக்கொண்டது. அக்காவுக்குக் கதை போய்விட்டது என்பது அதற்குத் தெரியாது. எங்கள் மூன்று பேரிலும் அவளை விளங்கவில்லை என்று முழிக்காதது அது மட்டும்தான்.

அத்தானுக்கு இது தாங்க முடியாமல் இருந்தது. ஒரு காலையில் அவர் வாறன் என்றார், அக்கா ஓம் என்றாள், கிளியும் ஓம் என்றது. கவனம் வரவில்லை. அவர் கேற்றிலிருந்து திரும்பி வந்து மறுபடி "வாறன்" என்றார். கிளி மறுபடி ஓம் என்றது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. கூட்டைக் கொழுக்கியிலிருந்து கழற்றிக்கொண்டு, எஞ்சின் சாமான்கள் வைத்திருக்கிற பின்பக்கக் கொட்டிலுக்குப் போனார். அக்காவிடம், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். அக்கா ஓம் என்றாள். அது எந்த ஓம் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

அவருடைய போனில் அக்காவின் பழைய குரல் பதிவு ஒன்று இருந்தது. "வரேக்க தேசிக்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ. மழை வாற மாதிரிக் கிடக்கு. கவனம்." கொட்டிலுக்குள் கதிரையைப் போட்டு, போனைக் கூட்டோடு சேர்த்துப் பிடித்து, திரும்பத் திரும்ப அதைப் போட்டுக் காட்டினார். தேசிக்காய், மழை, கவனம். தேசிக்காய், மழை, கவனம். குசினி யன்னலால் எனக்கு அது கேட்கும். அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

கிளி அதற்கு வாய் திறக்கவில்லை. பதில் சொல்லாத குரலுக்கு அது பதில் சொல்லாது. சில நாளில் கூட்டின் கீழ்த்தட்டில் பச்சை இறகுகள் கிடந்தன. அவை தானாக உதிர்ந்தவை அல்ல. நெஞ்சுப் பக்கத்து இறகுகளை அது தானே சொண்டால் பிடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சாம்பல் தோல் தெரிந்தது. கொய்யாப்பழம் தொட்ட இடம் தெரியாமல் கிடந்தது. கொறித்துக் கீழே போடக்கூட இல்லை.

விறாந்தையிலும் சத்தம் நின்றுபோனது. அக்கா வெறும் கொழுக்கியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். முதலில் கொழுக்கியைப் பார்த்து ஓம் என்று சொல்லிப் பார்த்தாள். பதில் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். நான் ஏதும் கேட்டாலும் வாய் திறப்பதில்லை. அவளிடம் மிஞ்சியிருந்த அந்த ஒரு சொல்லும் போய்விடப் போகிறது என்று எனக்குப் பயம் பிடித்தது. அது போனால் பிறகு அவள் எங்களோடு இருக்கமாட்டாள் என்று பட்டது.

சொல்ல வேண்டியது அத்தானிடம். சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. பகல் முழுக்க மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கூட்டைப் பார்த்து, "கிளி..." என்று தொடங்கினேன். கிளி முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது.

"கிளிக்குச் சொல்லுறீரோ, எனக்குச் சொல்லுறீரோ மச்சாள்?" என்று அத்தான் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். குரலில் பகிடி இல்லை.

"உங்களுக்குத்தான் அத்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம் அது. தேத்தண்ணீரை எஞ்சின் பெட்டிக்கு மேல் வைத்தேன்.

"அக்கா ஓமும் சொல்லுறேல்லை இப்ப."

"தெரியும்."

"கூட்டைத் திருப்பிக் கொண்டுவாங்கோ."

"கொண்டுவந்தா அது முழுக்க மறந்திடும்" என்றார். "அவள்ட நல்ல குரல் இந்தக் கிளிக்குள்ளதான் கிடக்கு. உந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தா எல்லாம் போயிடும். பிறகு எனக்கு என்ன இருக்கு? இந்தப் போனில தேசிக்காயும் மழையும்."

நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"கவனம் எண்டது கிளி சொன்னது அத்தான். ஓம் எண்டதுதான் அக்கா சொன்னது."

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. எனக்கு அதற்கு மேல் நிற்க ஏலாமல் குசினிக்கு வந்து, கழுவின கோப்பைகளை மறுபடி கழுவினேன். கொஞ்ச நேரத்தால் கொழுக்கியில் கூடு மாட்டுகிற கம்பிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தான் கூட்டுக் கதவையும் திறந்து விட்டிருந்தார். கிளி சொண்டால் கம்பியைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்து, கட்டில் சட்டத்தில் இறங்கி, அக்காவின் வழங்காத கைமேல் ஏறி நின்றது. தலையைச் சரித்து அவளைப் பார்த்தது. அக்காவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கிளிதான் முதலில் சொன்னது. ஓ...ம்.

அக்கா பதில் சொன்னாள்.

அதன் பிறகு பழைய குரல் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. ஆரது போனது, அடுப்பைப் பார் போனது. கடைசியாக ஒரு மழை நாளில், யாரும் கேட்காமல், கவனம் என்று ஒருமுறை சொன்னது. அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

ஆனால் கிளியை வைத்து நான் அக்காவின் ஓமை விளங்கப் பழகினேன். எங்களுக்கு எல்லா ஓமும் ஒன்றாகக் கேட்டது. கிளிக்கு அப்படிக் கேட்கவில்லை. அது சொல்லைவிட இராகத்தைத்தான் பிடிக்கும். முடிவில் மேலே எழும்புகிற ஓம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் கிளி தானும் எழுப்பிச் சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்கும். கவனித்துப் பார்த்ததில், யாரையாவது கூப்பிடும்போது அக்கா சொல்வது அது. சட்டென்று முடிகிற ஓம், வேண்டாம் என்பது. வலியில் சொல்கிற ஓம் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் கிளி பதில் சொல்லாது. இறகை ஒட்டிக்கொண்டு பச்சைத் தடியாக நின்றுவிடும். குசினியில் நிற்கும்போது, அக்காவின் ஓமுக்குப் பிறகு கிளியின் ஓம் கேட்கவில்லை என்றால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

அந்த நாட்களில் கோணேசர் கோயிலுக்கு வந்த இந்தியக்காரர் சிலர் பக்கத்து வீட்டில் தங்கியிருந்தார்கள். அவர்களில் வயதான அம்மா ஒருவர் காலையில் வேலியோரம் வந்து நின்று, கூட்டைப் பார்த்துக் கைகூப்பினார். எங்கள் விறாந்தைச் சுவரில் மாதா படம் தொங்குகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஏங்க, இந்தக் கிளிக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது? விடிஞ்சதுலேர்ந்து ஓம் ஓம்னு ஜெபம் பண்ணிட்டே இருக்கே."

அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டுக்காரிதான் பழக்கினவ" என்றார்.

"புண்ணியவதி."

"இல்லையம்மா, எங்கட பக்கம் ஓம் எண்டா ஆமா எண்டு அர்த்தம். நாங்கள் வேதக்காரர்."

அந்த அம்மா கூப்பிய கையை இறக்கினார். "அப்ப அது ஆமாம் ஆமாம்னா சொல்லிட்டிருக்கு?"

"ஓம்" என்றார் அத்தான்.

கிளியும் ஓம் என்றது. கட்டிலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தோம். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். பாதி முகத்தால்தான் சிரித்தாள். படுத்த பிறகு அவள் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான். இந்தியக்கார அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தை வேலிக்கு மேலால் நீட்டி, "பரவால்ல, ஆமாம்னு சொல்றதும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அத்தான் காலையில் வாறன் என்று சொல்லிவிட்டு, இரண்டு ஓமும் கேட்ட பிறகு புறப்படுவார். கவனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் அக்கா ஓம் என்றாள். நான் காத்திருந்தேன். கிளி பதில் சொல்லவில்லை. ஓடிப் போனேன். அக்காவின் கண் மேலே கூட்டைப் பார்த்தபடி இருந்தது. கிளி அசையாமல் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அவள் கதைத்துக்கொண்டு வரவில்லை, ஓம் சொல்லிக்கொண்டும் வரவில்லை.

அக்காவின் பெட்டியை விறாந்தையை ஒட்டிய முன்னறையில் வைத்திருந்தார்கள். சனம் நிறைந்திருந்ததால் கூட்டைத் துணியால் மூடிவிட்டோம். செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் சொல்லி முடிக்க மறுபக்கம் தொடங்குகிற அந்த இடைவெளியில், துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஓ...ம். அடைத்த தொண்டை, பாதியில் நிற்கிற ம். அக்கா உள்ளேதான் இருக்கிறாள் என்பதுபோல இருந்தது. செபம் நின்றுபோனது. உறவுக்காரி ஒருத்தி பெலத்து அழத் தொடங்கினாள். இன்னொருவர் எழும்பி, "அதைப் பின்னுக்குக் கொண்டுபோய் வைக்கட்டோ?" என்று கேட்டார்.

"விடுங்கோ" என்றார் அத்தான். "சொல்லட்டும்."

மாலையில் காட்டுக் கிளிகள் போகிற நேரம் வந்தால் எங்கள் கிளி கூட்டுக்குள் நடக்கத் தொடங்கும். வெறும் கட்டிலைப் பார்த்து ஓம் என்னும். தலையைச் சரித்துக் காத்திருக்கும். மறுபடி சொல்லும். கட்டிலைக் கழற்றி எடுத்த பிறகும் அந்த இடத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது நான் அங்கே போய் நின்று ஓம் என்று சொல்லிப் பார்த்தேன். கிளி என்னை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு திரும்பி, பழைய இடத்தைப் பார்த்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு அத்தான் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒன்றும் சொல்லாமல் புறப்படுவார். சொல்ல ஆளில்லை. நான் குசினிக்குள் நின்று கேற் சத்தத்தைக் கேட்பேன். எங்கள் இருவருக்கும் இடையில் மறுபடி கதை நின்றுபோயிருந்தது. கிளிக்குச் சொல்லியும் கதைக்கவில்லை.

போன கிழமை ஒரு காலை. இரவு முழுக்கக் காற்று அடித்திருந்தது, துறைமுகத்துக்குள்ளேயே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"வாறன்."

கிளி முன்னுக்குச் சாய்ந்து, "ஓ...ம்" என்றது.

அவர் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு கேற்றில் கையை வைத்தபடி நின்றார். போகவில்லை. நெஞ்சில் இறகு இன்னும் முளைத்து முடியாத அந்தக் கிளிக்கு அடுத்த சொல் தெரியாது. அவருக்கும் அது தெரியும். என்றாலும் நின்றார்.

நான் கையைச் சட்டையில் துடைத்தேன். குசினி வாசல்வரைக்கும் வந்தேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கவனம்."

கேற் திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. கிளி கொய்யாத் துண்டை இடது காலால் எடுத்தது. ஒருமுறை கொறித்துவிட்டுக் கீழே போட்டது, இன்னொன்றை எடுத்தது, அதையும் போட்டது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டினேன்.